புதைகுழியும் பழங்கதையும்

சுடலைக்குச் சென்று மீள்வோர் தலைமுழுகியே மனைபுகுதல் நம்மவர் வழக்கம். உடலை எரித்துச் சாம்பலைக் கீரிமலைக் கடலிற் கரைத்துவிடுகின்றோம். ஆதலின், கல்லறை காணச் செல்வது பிற சமயத்தவர்க்கும் பிற நாட்டவர்க்குமே உரிய செயலென்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், பழைய புதைகுழிகளை நம் மாணவர் நேரிற் காணுதலும் அவை பற்றிய ஊர்க்கதைகளை எழுதிவைத்தலும் வேண்டும் என்பதும் எமது துணிபு.

புதைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. இறந்தோரை எரித்தல், குழியிலிடுதல், தாழியாற் கவித்தல் முதலிய முறைகள் பலவும் ஓரிடத்தே நிகழ்ந்தமையை மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்திற் காண்கின்றோம். கிள்ளிவளவன் மறைந்தபோது, அவன் பெருமைக்கேற்ற தாழியை வனைய இயலுமோ எனக் குயவனை வினவுகின்றது புறநானூற்றுப் பாட்டொன்று. இவற்றுக்குப் பொருளெழுதிப் புள்ளிபெறும் நம் மாணவருட் பெரும்பாலோர், இத்தகைய ஈமவிடம் ஒன்று தம் ஊர்களுக்கு அண்மையில் இருப்பதை அறியார்.

யாழ்நகரிலிருந்து துவிச்சக்கரவண்டியிற் சென்றுவரத்தக்க தூரத்தில் உள்ளது ஆனைக்கோட்டை. அங்கே 1980ஆம் ஆண்டில் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய புதைகுழிகள் வெளிப்பட்டன. கறுப்புச் சிவப்பு மட்கலங்களோடு, மேல்வரிசையிற் குறியீடுகளும் கீழ்வரிசையிற் பிராமி எழுத்துகளும் பொறித்த சிறு உலோக முத்திரை ஒன்றும் கிடைத்தது. அவ்வெழுத்துகளைக் 'கோவேத' என வாசித்தனர். குடாநாட்டின் தொன்மையைப் பேசுவோர் எவரும் எடுத்துக்காட்டும் அம்முத்திரை, அரண்மனையிலிருந்து வந்ததன்று. இறந்த ஒருவனின் குழியிலிருந்தே வந்தது என்பதை நம் இளைஞர் நினைத்தல் வேண்டும்.

இனி ஊர்க்கதைகளை நோக்குவோம். கந்தரோடையிற் குழுமி நிற்கும் சிறு கற்குவிமாடங்கள், நச்சுக் காளான் உண்டு மாண்ட அறுபது துறவியரின் சமாதிகள் என்று கூறுவோர் உளர். தமிழகத்துச் சிற்றூர்களிலோ, வயது முதிர்ந்தும் உயிர் பிரியாத கிழவரை உணவோடும் விளக்கோடும் தாழியில் இருத்தினர் என்பர். இவற்றை வரலாறென்று கொள்ளுதல் கூடாது. பொய்யென்று தள்ளுதலும் கூடாது. அம்மாடங்கள் துறவியர் நினைவுக்குரியவை என்பதையும், தாழிகள் முன்னோருடையவை என்பதையும் ஏடறியாத மக்கள் மறவாது போற்றியமைக்கு இக்கதைகளே சான்று. அன்றியும், 'அங்கே முனி உலாவும்' என்னும் அச்சம் ஒரு மேட்டைக் காக்கும். அக்கதையைக் கேட்டு நகைக்கும் தலைமுறை, அம்மேட்டு மண்ணை வண்டியேற்றி விற்றுவிடும்.

எழுதிவைப்பதன் பயனை அறியக் கோட்டையை நோக்குக. ஒல்லாந்தர் 1706ஆம் ஆண்டிற் கட்டிய தேவாலயம் அதனுள் இருந்தது; அதன் தளத்திற் கல்லறைக் கற்கள் பதிந்திருந்தன. போர்க்காலத்தில் அவ்வாலயம் அழிந்தது. ஆயினும், இலங்கையிற் சிவில் சேவை புரிந்த யே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேயர், நாடெங்குமுள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913ஆம் ஆண்டில் நூலாக்கியிருந்தார். கல் சிதைந்தாலும் சொல் தப்பியது. பிற நாட்டான் தன்னவர்க்குச் செய்த அப்பணியை நாம் நம்மவர்க்குச் செய்தோமா? கல்லறையை இழத்தல் எத்தகைய துயரென்பதை இம்மண்ணினர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலின், விடுமுறைதோறும் மாணவர் சிறு குழுக்களாகச் செல்லுக. கண்டதை ஒரு பக்கத்திலும், ஊரார் சொன்னதை மறுபக்கத்திலும் எழுதுக, ஒன்றையொன்று கலவற்க. கதை சொன்னவரின் வயதையும் ஊரையும் குறிக்க. மண்ணைக் கிளறற்க; அது தொல்லியலார் தொழில். வழிச்செலவையும் படக்கருவியையும் உதவுதல் பழைய மாணவர்க்குப் பெருஞ் சுமையாகாது. அடுத்த விழா மலரில் எம்போன்றோர் கட்டுரைக்கு மாற்றாக அக்குறிப்புகளே இடம்பெறுக.

தீட்டென்று அஞ்சுவோர் மீண்டுவந்து கிணற்றடியில் முழுகுக. குறிப்பேட்டை மட்டும் நனைய விடற்க.