டி.என்.ஏ. ஆராய்ச்சியும் தவணைக் காலமும்

புணே நகரில், பாஷாண் செல்லும் சாலையில், தேசிய ரசாயன ஆராய்ச்சிக்கூடத்தை 1950-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்தார். 2006-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் இன்று அதற்கு அண்டையிலேயே இயங்குகிறது. கணேஷ்கிண்டில், பல்கலைக் கழக வளாகத்திலுள்ள தேசிய உயிரணு விஞ்ஞான மையம், நாடெங்குமுள்ள ஆராய்ச்சியாளருக்கு வளர்ப்பு உயிரணுக்களை வழங்கிவருகிறது. இம்மூன்றும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பதால், டி.என்.ஏ.யைப் பற்றி ஆராய விரும்புவோருக்குப் புணேயைப் போல் வசதியுள்ள நகரங்கள் நம் நாட்டில் சிலவே. கட்டடங்கள் உள்ளன, கருவிகளும் உள்ளன. அவற்றைக் கையாளுவோருக்குப் போதிய காலம் அளிக்கப்படுகிறதா என்பதே கேள்வி.

டாக்டர் பட்டம் பெற்ற பின், நிரந்தர உத்தியோகம் கிடைக்கும் வரையில், வேறொரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் தவணை முறையில் பணிபுரிபவரை ‘போஸ்ட்டாக்’ என்பது ஆய்வுக்கூட வழக்கு. தமிழில் மேலாய்வாளர் எனலாம். அவர் மாணவர் அல்லர், ஆசிரியரும் அல்லர். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதில்கூட அலுவலகங்களுக்குக் குழப்பமுண்டு. ஆயினும் தேர்ந்த கை வேண்டும் சோதனைகள் பெரும்பாலும் அவரிடமே வந்து சேருகின்றன.

அவர் ஆராயும் பொருளின் தன்மையைச் சிறிது நோக்குவோம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். மனித உயிரணுவில் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய 600 கோடி எழுத்து இணைகள் உள்ளன. படியெடுக்கும் என்ஸைம் எழுத்துக்களைத் தேர்ந்தெடுப்பதில் ஏறக்குறைய ஒரு லட்சத்துக்கு ஒரு தவறு செய்கிறது. ஆனால் அது தன் தவறை உணர்ந்து, ஓர் அடி பின்வாங்கி, பிழையான எழுத்தை நீக்கிவிட்டுத் தொடரவும் வல்லது. அதற்கும் தப்பிய பிழைகளைத் தேடித் திருத்த வேறு புரதங்கள் பின்னால் வருகின்றன. இறுதியில் எஞ்சும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவே. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோர் இதைக் கண்டு பொறாமைப்படலாம். திருத்தும் இப்புரதங்களில் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால், பெருங்குடலில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகுகிறது. பரம்பரையாக வரும் அந்நோயின் ஒரு வகைக்கு இதுவே காரணம்.

இத்தகைய என்ஸைம்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிவது எளிதன்று. பாலாடைக்கட்டி தயாரிப்பில் பயன்படும் ஒரு பாக்டீரியா, தன்னுள் நுழையும் வைரஸின் டி.என்.ஏ.யை வெட்டி அழிக்கிறது. வெட்டும் என்ஸைம் டி.என்.ஏ. இழையின்மீது ஊர்ந்து செல்கிறது. எதிர்த் திசையிலிருந்து ஊர்ந்துவரும் மற்றொன்றுடன் மோதும்போது இழை துண்டாகிறது. இதன் அணு அமைப்பைப் புணே விஞ்ஞானக் கல்வி நிலையத்தில் சாய்கிருஷ்ணன் கயரத் குழுவினர், பிரிட்டனிலுள்ள பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தினருடன் சேர்ந்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பழுதுபார்க்கும் பல என்ஸைம்களும் இவ்வாறே இழைமீது ஊர்பவையாதலால், ஒன்றைப் பற்றிய அறிவு மற்றதற்கும் உதவுகிறது.

அச்சிடப்பட்ட கட்டுரை சில பக்கங்களே. அதன் பின்னணியிலுள்ள உழைப்பு வாசகர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புரதத்துக்குரிய ஜீனை ஈ. கோலை பாக்டீரியாவில் புகுத்தி, புரதத்தை உண்டாக்கச் செய்ய வேண்டும். பல சமயம் அது கரையாத கட்டியாகத் திரண்டுவிடும். மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கரைந்து வந்தாலும், 4 டிகிரி குளிரறையில் கம்பளிச் சட்டையுடன் நின்று, குழாய் குழாயாக வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பின்னர் படிகம் வளர வேண்டும். அது ஒரு வாரத்தில் வளரலாம், ஓராண்டாகியும் வளராமலும் போகலாம். வளர்ந்தபின் இந்தூரிலோ, பிரான்ஸ் நாட்டுக் கிரெனோபிலிலோ உள்ள சின்க்ரோட்ரான் கருவியில் எக்ஸ் கதிரைச் செலுத்தத் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உலர்பனியில் வரும் ரசாயனப் பொருள் சுங்கச் சோதனையில் தங்கிக் கெட்டுப்போவதும் உண்டு. இவற்றில் எதுவும் ஆராய்ச்சியாளரின் சோம்பலால் நேர்வதன்று.

இவ்வேலைக்கு நம் நாட்டில் அளிக்கப்படும் காலம் எவ்வளவு? விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி வாரியம் ஏற்படுத்திய தேசிய மேலாய்வு உதவித்தொகை 2 ஆண்டுகளுக்கென்றே வகுக்கப்பட்டது. விண்ணப்பிப்போரின் வயதும் பொதுவாக 35-ஐத் தாண்டலாகாது. ஆராய்ச்சித் துணைவர்களுக்கு மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை வழங்க 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு உத்தரவிட்டது. வரவேற்கத்தக்க உயர்வே. ஆனால் தொகை உயர்ந்ததைப்போல் காலம் நீளவில்லை. இரண்டாண்டில் முதல் ஆறு மாதங்கள் புதிய ஆய்வுக்கூடத்தின் முறைகளைக் கற்பதிலும், கடைசி ஆறு மாதங்கள் அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் எழுதுவதிலும் கழிகின்றன. எஞ்சிய ஓராண்டில் விடை கிடைக்கக்கூடிய கேள்வியையே அவர் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கணவரோ மனைவியோ ஹிஞ்ஜவாடியில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருந்தால், அடுத்த தவணைக்கு வேறு நகரம் செல்ல இயலாமல் ஆராய்ச்சியையே கைவிடுவோரும் உண்டு.

பெரிய கேள்விகள் தவணைக்குக் கட்டுப்படுவதில்லை. 1960-களின் பிற்பகுதியில் தோமஸ் லிண்டால், பிரின்ஸ்டனில் மேலாய்வாளராக இருந்தபோது ஆர்.என்.ஏ.யைச் சூடாக்கினார், அது எதிர்பாராத வேகத்தில் சிதைந்தது. அப்படியானால் டி.என்.ஏ. மட்டும் எவ்வாறு வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கிறது என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. சில ஆண்டுகள் கழித்து, ஸ்வீடனில்தான் அதை ஆராய இயன்றது. ஒவ்வோர் உயிரணுவின் டி.என்.ஏ.யிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான எழுத்துக்கள் தாமாகவே உதிர்கின்றன எனக் கண்டார். சிதைந்த எழுத்தை நீக்கும் முதல் பழுதுபார்ப்பு என்ஸைமை அவர் அறிவித்தது 1974-இல்.

அஸீஸ் சன்ஜாரின் வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. துருக்கியில் மருத்துவம் பயின்று, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், மேலாய்வுக்காக மூன்று ஆய்வுக்கூடங்களுக்கு விண்ணப்பித்தார், மூன்றும் மறுத்தன. 1977-இல் யேல் பல்கலைக் கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக அமர்ந்தார். புற ஊதாக் கதிரால் சேதமுற்ற டி.என்.ஏ.யை வெட்டிச் சரிசெய்யும் மூன்று புரதங்களை இனங்கண்டது அந்தப் பதவியில் இருந்தபோதுதான். 2015-ஆம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபெல் பரிசை லிண்டால், பால் மாட்ரிச் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார். பதவியின் பெயர் தாழ்ந்ததுதான். ஆனால் யேலில் அவருக்கு ஐந்தாண்டுகள் கிடைத்தன.

தவணையை நீட்டினால் குறைந்த சம்பளத்தில் நெடுங்காலம் உழைப்பை வாங்கும் வழக்கம் வேரூன்றிவிடும் என அஞ்சுவோர் உளர். அச்சம் நியாயமானதே, மேலைநாடுகளில் நாற்பது வயதிலும் தற்காலிகமாகவே இருப்போர் உண்டு. ஆகவே நீட்டிப்பு மட்டும் போதாது. முதலில் 4 ஆண்டு தவணை தந்து, இரண்டாம் ஆண்டின் முடிவில் வேலையைப் பரிசீலிக்கலாம். பரிசீலிப்போர் வெளியான கட்டுரைகளை எண்ணாமல், குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு உதவித்தொகை நம் நாட்டுக்குப் புதிதன்று. மத்திய உயிரியல் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து தொடக்கநிலை விஞ்ஞானிகளுக்கு அதை வழங்கியுள்ளன. பெற்றவர் தொகைதான் சிறிது. அடுத்து, பேராசிரியராக விரும்பாமல் ஆய்வு மேடையிலேயே நிலைத்திருக்க விரும்புவோருக்கு ஒவ்வொரு நிலையத்திலும் சில நிரந்தரப் பதவிகள் வேண்டும். இன்று மேலாய்வாளர் ஒருவர் விலகிச் சென்றால், மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் அவர் கையெழுத்துடன் சில நூறு குழாய்கள் தங்குகின்றன. புரதம் ஏன் சென்ற ஆண்டு கரைந்தது, இவ்வாண்டு ஏன் கரையவில்லை என்று கேட்க ஆளில்லாமல், அடுத்து வருபவர் புதிய குழாய்களில் எண்ணிடத் தொடங்குகிறார்.