விவாகத்துக்காக ஒரு சத்தியாக்கிரகம்

சட்டத்தை மீறுவோர் பெரும்பாலும் அதன் பிடியிலிருந்து தப்புவதற்காகவே மீறுகிறார்கள். அமெரிக்காவில் ஒரே பாலைச் சேர்ந்த இருவர் விவாகம் செய்துகொள்ளும் உரிமைக்காக நடந்த கிளர்ச்சியிலோ, பிரஜைகள் சட்டத்தின் பிடிக்குள் வந்து சேர்வதற்காகவே சட்ட மறுப்பில் இறங்கினார்கள். கடமை, கட்டுப்பாடு, ஜீவனாம்சம், வாரிசுரிமை என்று விவாகம் சுமத்துகிற பொறுப்புகள் அனைத்தையும் எங்கள் தலையிலும் சுமத்துங்கள் என்று கேட்டு, பிப்ரவரி மாதத்தில் காதலர் தினத்தையொட்டிப் பதிவு அலுவலகங்களுக்குச் சென்று, உரிமம் இல்லையென்ற பதிலைப் பெற்றுக்கொண்டு, சில ஊர்களில் அவ்விடத்திலேயே அமர்ந்து கைதாகவும் சம்மதித்தார்கள்.

2004ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி, பதவியேற்று ஐந்து வாரமே ஆகியிருந்த சான் பிரான்சிஸ்கோ மேயர் கேவின் நியூசம், மாநிலச் சட்டம் தடுத்தபோதிலும் அரசியல் சாசனம் வாக்களிக்கும் சமத்துவமே பெரிதென்று கருதி, இத்தகைய தம்பதிகளுக்கு நகர மண்டபத்தில் விவாக உரிமம் வழங்க ஏற்பாடு செய்தார். அரை நூற்றாண்டுக் காலம் ஒரே இல்லத்தில் வாழ்ந்து முதுமை எய்தியிருந்த டெல் மார்ட்டின், ஃபிலிஸ் லயன் என்ற இரு மூதாட்டிகள், ஒருவருக்கு 82 வயதும் மற்றவருக்கு 79 வயதுமான நிலையில், அன்று முதலாவது தம்பதிகளாக மணமுடித்தார்கள். அடுத்த நாட்களில் மழையையும் இரவையும் பொருட்படுத்தாமல் ஜனங்கள் மண்டபத்தைச் சுற்றி வரிசையில் நின்றதும், முன்பின் அறியாதவர்கள் தொலைதூர மாநிலங்களிலிருந்து அவர்களுக்குப் பூங்கொத்துகள் அனுப்பியதும் பிரசித்தம். ஏறத்தாழ 4,000 தம்பதிகள் மணம் முடித்த பின்னர், மார்ச் 11ஆம் தேதி கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு நிறுத்தியது. ஆகஸ்டு 12ஆம் தேதி, அவ்விவாகங்கள் யாவும் செல்லாவென்று தீர்ப்பளித்தது.

அதிகாரத்தில் அமர்ந்திருப்பவர் சட்டத்தை மீறுவதைச் சத்தியாக்கிரகம் என்று அழைக்க நமக்குத் தயக்கமுண்டு. இன்று நமக்கு உவப்பான காரியத்துக்காக ஓர் உத்தியோகஸ்தர் சட்டத்தை ஒதுக்கலாமென்றால், நாளை உவப்பற்ற காரியத்துக்காக மற்றொருவர் அதையே செய்வார். 2015ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்துப் பதிவு அதிகாரி கிம் டேவிஸ், தமது மத நம்பிக்கையைக் காரணம் காட்டி, தேசத்தின் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்ட விவாகங்களுக்கு உரிமம் தர மறுத்து ஐந்து நாள் சிறையிலிருந்தார். அவரும் மனச்சாட்சியின் பெயரால்தான் பேசினார். ஆயினும் இருவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. நீதிமன்றம் தடுத்த அன்றே மேயர் கட்டுப்பட்டு நிறுத்தினார்; டேவிஸோ நீதிமன்றம் ஆணையிட்ட பிறகும் தம் ஆசனத்தை விடாமல், தமது கொள்கையின் கஷ்டத்தை எதிரே வந்து நின்ற பிறர் தலையில் ஏற்றினார். துன்பம் எவர்மேல் விழுகிறது என்பதே சாத்விக மறுப்பின் உரைகல்.

அவ்வுரைகல்லில் தேறியவர்கள் மேயரைக் காட்டிலும் அந்தத் தம்பதிகளே. மணம் செல்லாதென்று அறிவிக்கப்பட்ட பின்னும் கல்லெறியாமல், கதவை உடைக்காமல், வழக்குமன்றத்தின் படிகளையும் பதிவு அலுவலகத்தின் படிகளையும் மாறி மாறி ஏறினார்கள். 2008ஆம் ஆண்டு மே மாதம் மாநில நீதிமன்றம் அவர்கள் உரிமையை ஒப்புக்கொள்ள, ஜூன் 16ஆம் தேதி மார்ட்டினும் லயனும் இரண்டாம் முறையாக மணமுடித்தார்கள்; ஆகஸ்டில் மார்ட்டின் காலமானார். நவம்பரில் வாக்காளர்களில் ஏறத்தாழ 52 சதவிகிதத்தினர் அவ்வுரிமையை மீண்டும் பறித்தார்கள். அந்த வாக்கெடுப்பு செல்லுமென்று 2009 மே 26ஆம் தேதி தீர்ப்பானபோது, மதகுருமார் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோ வீதியில் அமர்ந்து அமைதியாகக் கைதானார்கள்.

இந்தச் சாத்விக முறை அவர்களுக்கு வந்த வழி நமக்கு அந்நியமானதன்று. 1948இல் இந்தியாவுக்கு வந்து சென்றவரும், அகிம்சை நெறியில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆலோசகராயிருந்து 1963இன் வாஷிங்டன் பேரணியை ஒழுங்கு செய்தவருமான பேயார்ட் ரஸ்டின், தாம் தன்பாலினத்தவர் என்பதாலேயே பல சமயம் பின்னுக்குத் தள்ளப்பட்டவர். அந்த நெறி சத்தியாக்கிரகமாக உருப்பெற்ற தென்னாப்பிரிக்காவிலும் விவாகத்துக்காகவே ஒரு போர் நடந்தது. 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான மணமே செல்லுமென்று தீர்ப்பளித்து, இந்தியத் தாய்மார்களின் தாலியை ஒரே நாளில் சட்டத்தின் கண்களில் மதிப்பற்றதாக்கினார். அதுவரை வெளிவராத பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தடைசெய்யப்பட்ட மாகாண எல்லைகளைக் கடந்து கடுங்காவல் ஏற்றார்கள். சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ஆம் தேதி உயிர்நீத்தாள். அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் அவ்விவாகங்களை அங்கீகரித்தது. யாருடைய மணம் மணமாகும் என்பதை ஆள்வோரின் சம்பிரதாயம் மட்டுமே தீர்மானிக்கலாகாது என்று அன்று நம்மவர் வாதாடியதைத்தான் பிற்காலத்தில் அமெரிக்கத் தம்பதிகளும் வாதாடினார்கள்.

2015 ஜூன் 26ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகளில் ஐவரின் தீர்ப்பால் அவர்கள் வழக்கு தேசம் முழுவதிலும் வென்றது. நம் நாட்டிலோ, 2023 அக்டோபர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இத்தகைய விவாகத்தை அங்கீகரிக்க மறுத்து, அப்பொறுப்பைச் சட்டமியற்றும் சபையிடம் விட்டிருக்கிறது. மத உணர்ச்சிகள் கலந்த விஷயமாதலால் நிதானமாக விவாதிக்க வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. விவாதத்தைத் தொடங்காமலே இருப்பது நிதானமாகாது. பிரஜைகள் சிறை சென்று கேட்ட பின்னர் கொடுப்பதைக் காட்டிலும், மனு எழுதிக் கேட்கும்போதே செவிசாய்ப்பது ஜனநாயக சபைக்கு அழகு. பாராளுமன்றம் அதைச் செய்ய வேண்டும்.