அடைத்து வைத்த இடத்தின் பெயர்

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கும், ஆதார் அட்டையில் பிழை திருத்துவதற்கும் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் மேஜை போட்டு நடத்துவதைச் சிறப்பு முகாம் என்கிறோம். திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள்ளே, 1946ஆம் வருஷத்து அந்நியர் சட்டத்தைக் கொண்டு ஈழத் தமிழர்களை அடைத்து வைத்த இடத்துக்கும் சர்க்கார் இட்ட பெயர் சிறப்பு முகாம்தான். முன்னதற்குப் போகிறவர் காரியம் முடிந்ததும் வீடு திரும்புகிறார். பின்னதில் இருப்பவர் உத்தரவின்றி வாசலைத் தாண்ட இயலாது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை மறைக்கின்ற பிரயோகத்தைப் பத்திரிகைகளும் அப்படியே வாங்கி அச்சிடுவது நியாயமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த ஆறு பேரை 2022 நவம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, அவர்களுள் இலங்கைப் பிரஜைகளான நால்வர் சிறையிலிருந்து நேரே கொண்டுபோகப்பட்டது அந்தத் திருச்சி முகாமுக்கே. அவர்களில் ஒருவரான சாந்தன் நோயுற்று, 2024 பிப்ரவரி 28ஆம் தேதி சென்னை அரசு மருத்துவமனையில் காலமானார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அவருடைய உடல்தான். வழக்கின் நியாய அநியாயங்களைப் பற்றி யார் எந்தக் கருத்து உடையவராயினும், இடைப்பட்ட அந்தக் காலத்தை விடுதலை என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 2009இல் யுத்தம் முடிந்தபின் வவுனியா மெனிக் பாமில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களை முள்வேலிக்குள் வைத்துவிட்டு, இலங்கை அரசு அதை நலன்புரி நிலையம் என்றது. அதன் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியோர்களின் திருநாமங்களையும் சூட்டிற்று. தமிழினத்தின் கௌரவத்துக்காக உழைத்தவர்களின் பெயரை அந்த வேலியின்மேல் எழுதியதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கிறது.

அடைத்து வைத்த இடத்துக்கு வேறு பெயர் இடும் இந்த வழக்கம் காரைக்காலுக்குத் தூரத்துச் சங்கதியன்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தஞ்சை ஜில்லாவிலிருந்து திரட்டப்பட்ட ஏழைகளைக் கப்பல் வரும்வரை அங்கே வைத்திருந்த இடத்துக்கு, சரக்கு அடுக்கும் கிடங்குக்கு வழங்குகிற டிப்போ என்ற சொல்லே வழங்கிற்று. போகிறவர் மனமொப்பிப் போகிறாரா என்று விசாரிப்பதற்கு, 1861ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி ஆங்கிலேய ஏஜெண்டு ஒருவரை அமர்த்தவேண்டி வந்தது என்பதே அந்தக் கிடங்குகளின் லட்சணத்தைச் சொல்லும்.

இன்று காரைக்காலின் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் காசாக்குடிமேட்டிலும் மீனவக் குடும்பங்கள் வேறு சொற்களோடு வாழப் பழகியிருக்கின்றன. 2025 ஜனவரி 28ஆம் தேதி நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் ஐவர் காயமுற, காரைக்கால் படகில் இருந்த பதின்மூவரும் பிடிபட்டனர். இப்படிப் பிடிபடுகிறவர்களைப் பற்றிய செய்தியில் நமது நீதிமன்றக் காவல் என்ற சொல்லின் இடத்தில் யாழ்ப்பாணத்து விளக்கமறியல் என்ற சொல் வருகிறது. பிறகு ஒருநாள் மீனவர்கள் விடுதலை என்று தலைப்பு வருகிறது. ஆனால் கோர்ட்டு விடுவித்தாலும் அவர்கள் கரை சேர்வதில்லை. குடிவரவு இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டு, பயணப் பத்திரமும் விமானமும் கிடைக்கும்வரை கொழும்புக்கருகே தடுப்பு முகாமில் அடைபட்டிருக்கிறார்கள். பத்திரிகையில் விடுதலை என்று படித்துவிட்டுத் துக்கம் விசாரிப்பதை உறவினர் நிறுத்திவிட, வீட்டிலுள்ள பெண்களோ, "இன்னும் உள்ளேதான் வச்சிருக்காங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க நேர்கிறது. சட்டத்தின் எந்தப் பரிபாஷையையும்விட அந்த ஒரு வாக்கியம் உண்மைக்கு அருகில் நிற்கிறது.

தமிழக அரசு 2021இல் அகதிகள் முகாம் என்பதை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது நல்லெண்ணத்தினால்தான். அதை நான் குறை கூறமாட்டேன். அதே நல்லெண்ணத்தோடு சிறப்பு முகாமின் பெயரையும் தடுப்புக் காவல் நிலையம் என்று மாற்றட்டும். பத்திரிகை நண்பர்களோ உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீதிமன்றம் விடுவித்தது, இன்னும் அடைபட்டிருக்கிறார்கள் என்ற இரண்டு செய்திகளையும் சேர்த்தே எழுதி, விடுதலை என்ற தலைப்பை அவர்கள் சென்னை விமான நிலையத்தில் இறங்கும் நாளுக்கு வைத்திருக்கலாம்.