நாணயம் தொலையவில்லை

ஆருத்திரா தரிசனத்துக்கு முந்திய நாள், தேரோட்டத்தின்போது, சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் எள் போட்டால் விழ இடமிராது. அந்தக் கூட்டத்தில் பணப்பை பறிபோவது புதிதன்று. முன்னாட்களில் சில ரூபாயுடன் விஷயம் முடிந்துவிடும். இன்றோ பையினுள் கடன் அட்டையும் இருக்கிறது. அதைத் தொலைத்தவருக்குக் கவலைகள் இரண்டு: திருடன் செலவழித்துவிடுவானே என்பது ஒன்று, மாற்று அட்டை வாங்கினால் பாங்கிகளிடத்தில் தம் மதிப்புக் குறைந்து, நாளைக்குப் பிள்ளையின் கல்விக் கடன் கிடைக்காமற் போகுமோ என்பது மற்றொன்று. நம் மாணவர்களின் பெற்றோர் பலர் இரண்டாவதையே பெரிதாக எண்ணுகிறார்கள்.

உண்மையில் முதற் கவலையே நியாயமானது. 2021 ஜனவரி முதல், அவ்வசதியுள்ள அட்டையைக் கருவியருகே காட்டி, இரகசிய எண் இல்லாமலே ஒரு தடவைக்கு ரூ. 5,000 வரை செலுத்த இடமுண்டு. ஆகையால் வீடு திரும்பி ஆற அமரத் தேடிப் பார்ப்போம் என்றிருத்தல் கூடாது. தகவல் கிடைத்தவுடன் அட்டையை முடக்கவேண்டும், மற்றச் சம்பிரதாயங்கள் பின்னர் நடக்கலாம் என்று ரிஸர்வ் பாங்கி 2022-ல் விதித்தது. தகவல் தெரிவித்த பிறகு நேரும் நஷ்டம் பாங்கியையே சேரும் என்று அது 2017-லேயே உத்தரவிட்டிருந்தது.

இரண்டாவது கவலைக்கு ஆதாரமில்லை. புது அட்டையில் எண் மாறுகிறது. கணக்கும் அதன் பழைய சரித்திரமும் பொதுவாக அப்படியே தொடர்கின்றன. சிபில் போன்ற நிறுவனங்கள் 300 முதல் 900 வரை இடும் மதிப்பெண், தவணை தவறாமல் செலுத்தினோமா, எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பவற்றையே முக்கியமாகப் பொறுத்தது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அட்டைதான் இல்லையே என்று பழைய பாக்கியை மறப்பவர் உண்டு. பயந்துபோய்க் கணக்கையே மூடிவிடுபவரும் உண்டு. மற்ற அட்டைகளில் கடன் இருப்பின், மொத்த வரம்பு சுருங்கி மதிப்பெண் இறங்கலாம். திருடன் செய்த செலவை உடனே எழுத்து மூலம் மறுக்காவிட்டால், அதுவும் நம் பாக்கியாகவே நிற்கும். பழைய எண்ணிலிருந்து தானாகச் சென்றுகொண்டிருந்த இன்ஷூரன்ஸ் பிரீமியம் நின்றுபோய், பாலிஸி காலாவதியாவதும் நேரக்கூடும். வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை வாங்கிப் பார்ப்பது நலம்.

காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லைத் தமிழர் வழங்கி வருகின்றனர். அட்டை போனால் வேறு அட்டை வரும். குறித்த நாளில் பாக்கியைச் செலுத்துபவரின் நாணயத்தை எந்தத் திருடனும் கொண்டுபோக முடியாது. ஒன்று மட்டும் செய்வோமாக. பாங்கியின் டெலிபோன் எண் அட்டையின் முதுகில் அச்சிடப்பட்டிருக்கிறது. அட்டையோடு அதுவும் போய்விடும். இன்றைக்கே அதை வீட்டு நாட்குறிப்பில் எழுதி வைப்போம்.