மே மாதம் தாங்குமா?



தை, மாசியில் நர்சரிப் பக்கம் போனால் கை சும்மா இருக்காது. ரோஜா, சாமந்தி, பெயர் தெரியாத வண்ண இலைச் செடிகள் என்று எல்லாம் பூத்துக் குலுங்கும். நாலைந்தை வாங்கி வந்து பால்கனியில் அடுக்கிவிடுவோம். சித்திரையில் பார்த்தால் பாதித் தொட்டிகளில் குச்சிதான் நிற்கும். உடனே, "எனக்குச் செடி வைக்கிற கைராசி இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தவறான செடியை, தவறான மாதத்தில் வாங்குகிறோம். அவ்வளவுதான்.

தண்ணீர்ப் பயம் இன்னொரு பக்கம். சென்னையில் நம் தி.நகரே 1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து எழுந்த பேட்டை. அந்த மண்ணில் 2019 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குளிக்கவே யோசித்த நாட்களில் செடிக்கு எங்கே ஊற்றுவது? அந்தக் கூச்சத்திலேயே தோட்டம் வேண்டாம் என்று விட்டவர்கள் உண்டு. விட்டிருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி.

சென்னைக்கு மழை குறைச்சல் இல்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 140 செ.மீ. பெய்கிறது, லண்டனில் அதில் சுமார் பாதிதான். ஆனால் நமக்குப் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அப்புறம் மாதக்கணக்கில் வானம் பார்த்த பிழைப்புதான். இந்தக் கணக்குக்கு ஒத்துவரும் செடி எது என்று பார்த்து வாங்க வேண்டாமா?

நம் பாட்டிமார் வீட்டுப் புறக்கடையில் இருந்தவற்றை நினைத்துப் பாருங்கள். நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, மருதாணி, டிசம்பர் பூ, முருங்கை. வேர் பிடித்துவிட்டால் இவை தண்ணீருக்கு அதிகம் கெஞ்சாது. வெயில் கொளுத்தும் மொட்டை மாடிக்குக் காகிதப்பூவும் டேபிள் ரோஸும் போதும். காகிதப்பூ கொஞ்சம் காய்ந்தால்தான் நன்றாகப் பூக்கும்! அரளியும் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரண்டை. கற்றாழையைப் போலவே பகலில் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து காற்றை வாங்கும் வகை இது. அதனால் வெயிலில் ஈரம் வீணாவதில்லை. ஒரு கணு நட்டால் கிரில் முழுக்கப் படரும், துவையலுக்கும் ஆச்சு.

ரோஜா இல்லாமல் மனசு கேட்காதா? ஒன்றே ஒன்று வையுங்கள், காலை வெயில் மட்டும் படும் இடத்தில்.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு விஷயம். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுருண்டு கிடக்கும். அடித்துளையில் கசியும்வரை விடியற்காலையில் ஊற்றுங்கள். மறுபடி ஊற்றும் முன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்புங்கள். தளச் சூடு ஏறாமல் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

ஏ.சி.யிலிருந்து சொட்டுவதும், அரிசி கழுவிய தண்ணீரும் செடிக்கே. ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம். அதை மட்டுமே ஊற்றாமல் நல்ல தண்ணீரோடு கலந்து, கெட்டியான செடிகளுக்குக் கொடுங்கள்.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசி நல்ல காலம். அடுத்து வரும் மழையிலேயே வேர் ஊன்றிவிடும். கத்திரி வெயிலுக்குள் செடி தயாராகிவிடும். நர்சரியில் விலை கேட்கும் முன் "மே மாதம் தாங்குமா?" என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டில் கோடையைத் தாண்டி நிற்கும் செடி எது? எந்தத் திசை பால்கனி, எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மேற்கு வெயிலில் வதங்கும் வீட்டுக்காரர்களுக்கு அந்த விவரம்தான் முக்கியம்.

அன்புடன்,
ஆசிரியர்