செம்பும் துத்தநாகமும்: அளவே மருந்து



பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் செப்புக் குவளைகள் விற்கப்படுகின்றன. மருந்துக் கடைகளிலோ துத்தநாக மாத்திரைகள். பிள்ளைக்கு எதனை வாங்கலாம் என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். கடைக்குச் செல்லுமுன் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள் என்பதே என் கருத்து.

இவ்விரண்டு தாதுக்களும் உடலுக்கு இன்றியமையாதவை. செம்பு, இரும்புச்சத்தை உடல் பயன்படுத்தத் துணைபுரிகிறது. துத்தநாகம் வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புக்கும் வேண்டும். ஆயினும் தேவை மிகச் சிறிதே. அமெரிக்கப் பரிந்துரைப்படி, 9 முதல் 13 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குத் துத்தநாகம் 8 மில்லிகிராம், செம்பு 0.7 மில்லிகிராம். துத்தநாகத்தின் உச்சவரம்பு 23 மில்லிகிராம். பெரியவர்களுக்கான மாத்திரைகள் சிலவற்றில் 50 மில்லிகிராம் வரை இருக்கிறது! துத்தநாகம் நெடுநாள் மிகுந்தால் குடல் செம்பை ஏற்பது குறையும்; இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் நேரலாம்.

செம்பு மிகுந்தாலும் தீங்குதான். 1980-களில் இந்தியாவின் புனேயில் ஆய்வு செய்த மருத்துவர்கள், குழந்தைகளின் கல்லீரலைச் சிதைத்த ஒரு நோய்க்கும், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலுக்கும் தொடர்பு கண்டனர். அத்தகைய பாத்திரங்களின் பயன்பாடு குறையவே அந்நோயும் அருகிப்போயிற்று. புளிப்புப் பட்டால் செம்பு கரையும். நம் முன்னோர் பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசியது இதனால்தான். எனவே செப்புப் போத்தலில் எலுமிச்சைச் சாறு, மோர், பால் எதுவும் வேண்டாம்.

பருப்பு, நிலக்கடலை, எள் ஆகியவற்றில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்தே உள்ளன. முட்டை, கோழி, நெத்திலி ஆகியவை துத்தநாகம் தருவன. இட்லி, தோசை மாவு புளிக்கும்போது, தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைகிறது. துத்தநாகமும் இரும்பும் உடலில் எளிதாகச் சேர்கின்றன. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும். அதனைச் சற்றுத் தள்ளிக் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் வெளுத்த முகத்தோடு சோர்ந்து அமரும் மாணவனைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெற்றோரிடம் எடுத்துரைத்து, அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எந்தச் சத்து குறைவு என்று தெரியாமல் மாத்திரை கொடுப்பது, சோதனைத் தாளைத் திருத்தாமலே புள்ளி போடுவதற்கு ஒப்பாகும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.