அன்புக்கு ஓய்வு வயது உண்டா?

ஞாயிறு ஆராதனையை நான் தவறவிடுவதில்லை. காணிக்கையும் மாதா மாதம் போய்விடும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு எட்டு வருடம் பேசாமல் இருந்தேன். காரணம், சுற்றுச்சுவர் ஓரத்து முருங்கை மரம் ஒன்று. அதன் இலை என் வாசலில் கொட்டியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சென்ற மாதம் கோவையிலிருந்து உறவினர்களோடு கொல்லிமலை போனேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். இன்று காரில் ஏறவே தலை சுற்றுகிறது. சாலையே இல்லாத காலத்தில் அங்கே போய்க் குடியேறினார்கள் ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லினும். 1913-இல் சேந்தமங்கலத்தில் திருமணம் முடிந்ததும் மலையேறியவர்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, வேலூர் சி.எம்.சி.யில் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன். 1914-இல் பிறந்தவர்.

அவர்களைக் கடுமையாக எதிர்த்த பூசாரி ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது, மற்றவர்கள் கிட்டே போகப் பயந்தார்கள். இவர்கள் போய்க் கவனித்தார்கள். சாகுமுன் அவர் தம் பிள்ளைகளை இவர்களிடம்தான் ஒப்படைத்தார்.

1929-இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்தார். எவ்லினுக்கு எழுபதை ஒட்டிய வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் ஊர் திரும்பவில்லை. சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். குதிரையில் போனார், விழுந்து எலும்பு முறிந்த பிறகும், இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக் கிராமம் கிராமமாக நடந்தார். 1974-இல் 95 வயதில் காலமாகும்வரை அதுதான் அவர் வாழ்க்கை.

நம் வயதுக்காரர்கள் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: “மனுஷங்ககிட்ட பட்டது போதும். இனி ஜெபம், வேதம், ஆலயம், அவ்வளவுதான்.” நானும் அப்படித்தான் நினைத்தேன். தவறு என்று இப்போது படுகிறது. கடவுளை நேசி, பிறனை நேசி என்று இயேசு இரண்டையும் சேர்த்தே சொன்னார். வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இது புரிந்திருக்க வேண்டும். இரண்டு கையெழுத்து வேண்டிய கணக்கில் ஒரு கையெழுத்தோடு காசோலை கொடுத்தால் திருப்பி அனுப்புவோம். நான் எட்டு வருடம் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்பு என்றதும் ஏழைகளுக்குக் கொடுப்பதையே நினைக்கிறோம். அது நல்லதுதான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பது எளிது. பிடிக்காத ஒருவரின் கேட்டைத் திறப்பதுதான் கஷ்டம்.

கொல்லிமலையிலிருந்து வாங்கி வந்த பலாப்பழத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். “ஏனுங்க, வீட்ல இருக்கீங்களா?” என்றேன். கதவைத் திறந்தவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “வாங்க சார், உக்காருங்க” என்றார். அவர் மனைவிக்கு ஒரு வருடமாக டயாலிசிஸ் நடக்கிறதாம். வாரம் இரண்டு முறை ஆட்டோ பிடித்துப் போகிறார்கள். ஒரு சுவர்தான் நடுவில், எனக்குத் தெரியாது. என் கார் வாசலில் சும்மா நிற்கிறது.

இப்போது வியாழக்கிழமைகளில் நான் ஓட்டுகிறேன். முருங்கை மரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. இலை இன்னும் என் வாசலில்தான் கொட்டுகிறது; பெருக்கிக்கொள்கிறேன்.

உங்கள் தெருவிலும் நீங்கள் பேசாத வீடு ஒன்று இருந்தால், இந்த வாரமே போய் வாருங்கள். தள்ளிப்போட நமக்கு நாள் அதிகமில்லை.